வாடிக்கையாளர் குழுச் செயல்திட்டம்

வாடிக்கையாளர் குழுச் செயல்திட்டம் என்பது கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் முதலிய துறைகளில் பயிலும் மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, கல்லூரிக்கு வெளியேயுள்ள ஒருவருக்கு உண்மையில் தேவைப்படும் மென்பொருளை ஆக்கித் தருவதன் மூலம் தொழில்முறைத் திறன்களைப் பெறும் கற்பித்தல் முறையாகும். வாடிக்கையாளர் ஒரு நிறுவனமாகவோ, மருத்துவமனையாகவோ, கடையாகவோ, தொண்டு அமைப்பாகவோ இருக்கலாம். அவர் பணம் தர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆக்கப்பட்ட மென்பொருள் தமக்குப் பயன்படுமா, பயன்படாதா என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இவ்வுரிமையே இம்முறையை ஏனைய செயல்முறைப் பாடங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆய்வகப் பயிற்சியில் சரியான விடை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். வாடிக்கையாளர் செயல்திட்டத்திலோ விடை மட்டுமன்றி வினாவும் தொடக்கத்தில் எவருக்கும் முழுமையாகத் தெரியாது.

தொழில்முறைத் திறன்கள் என்று இங்குக் குறிக்கப்படுபவை நிரலாக்கத்திற்கு வெளியேயுள்ளவை: பிறர் கூறுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளுதல், அதனைத் தெளிவாக எழுதுதல், வேலையைப் பகிர்தல், காலத்தைக் கணித்தல், முடியாததை முடியாது என்று உரிய நேரத்தில் சொல்லுதல், பிறர் தரவைப் பொறுப்புடன் கையாளுதல் போன்றன. இவற்றை "மென்திறன்கள்" என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. எனினும் நேர்முகத் தேர்வுக்கு உடுத்துவதையும் ஆங்கிலத்தில் பேசுவதையும் மட்டும் கற்பிக்கும் வகுப்புகளுக்கும் அப்பெயர் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது.

வரலாறு

1968ஆம் ஆண்டு நாட்டோ அமைப்பின் ஆதரவில் செருமனியின் கார்மிசு நகரில் நடந்த மாநாட்டில் "மென்பொருள் பொறியியல்" என்னும் சொல் பரவலாக அறிமுகமானது. பெரிய மென்பொருள்கள் காலம் தாழ்ந்தும் செலவு மிகுந்தும் வழுக்களோடும் வெளிவந்தமைக்கு நிரலாளரின் அறிவுக்குறை மட்டும் காரணமன்று, பலர் சேர்ந்து வேலை செய்யும் முறையிலும் குறை உண்டு என்பது அக்காலத்தில் உணரப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சிசுடம்/360 இயக்குதளப் பணியை வழிநடத்திய பிரெடெரிக் புரூக்சு தம் பட்டறிவை 1975இல் ஒரு நூலாக வெளியிட்டார். காலம் தாழ்ந்துவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாழும் என்ற கூற்று அவர் பெயராலேயே "புரூக்சு விதி" என வழங்குகிறது. அவர் பின்னர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடத்திய மென்பொருள் பொறியியல் பாடத்தில் மாணவர் குழுக்கள் உண்மையான வாடிக்கையாளர்களுக்காகப் பணியாற்றின.

கணினித் துறைக்கு முன்பே பொறியியல் கல்வியில் இவ்வழக்கம் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் ஆர்வி மட் கல்லூரி 1963இல் "பொறியியல் கிளினிக்கு" என்ற பெயரில் நிறுவனங்களின் சிக்கல்களை மாணவர் குழுக்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துப் பயில்வதைப்போலப் பொறியியல் மாணவரும் பயில வேண்டும் என்பதே அப்பெயரின் உட்கருத்து. 1987இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வெளியிட்ட சேம்சு டொமைகோவின் அறிக்கை, ஒரு வகுப்பையே மென்பொருள் நிறுவனம்போல அமைத்துப் பாடம் நடத்துவது எவ்வாறு என விளக்கியது. 1995இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காயிலும் லியா சேமிசனும் தொடங்கிய எபிக்சு திட்டம் வாடிக்கையாளராகத் தொண்டு அமைப்புகளைத் தேர்ந்துகொண்டது.

இந்தியப் பின்னணி

இந்தியாவில் பொறியியல் பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தில் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக உள்ளது. மாணவர் வழக்கில் இது "புராஜெக்ட்" மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி இணைப்புக் கல்லூரிகளில் ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் இருத்தல் ஆகாது. கணினி அறிவியல் பிரிவில் இதற்குப் பத்து மதிப்பலகுகள் ஒதுக்கப்பட்டன. பருவத்தின் இடையே மூன்று முறை மீளாய்வும், முடிவில் வெளித் தேர்வாளர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வும் நடைபெறும். அமைப்பு நன்றாகவே உள்ளது. இதில் விடுபட்டவர் வாடிக்கையாளர் ஒருவரே. தலைப்பை மாணவர்களோ வழிகாட்டும் ஆசிரியரோ தேர்ந்தெடுக்கின்றனர். மென்பொருள் வாய்மொழித் தேர்வு நாளில் ஒருமுறை இயங்கினால் போதும்.

இந்த இடைவெளியில்தான் "புராஜெக்ட் சென்டர்" எனப்படும் கடைகள் முளைத்தன. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் ஆயத்தமான தலைப்பு, மூலநிரல், அறிக்கை, விளக்கப்படங்கள் ஆகிய அனைத்தும் விலைக்குக் கிடைக்கின்றன. வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய வினாக்களுக்கான பயிற்சியும் சேர்த்துத் தரப்படுவதுண்டு. மாணவரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கூறுவது எளிது. ஆனால் எவருக்கும் தேவைப்படாத ஒன்றைச் செய்யுமாறு கேட்கும்போது, அதை வாங்கித் தருவதற்கும் செய்து தருவதற்கும் இடையே பயன்பாட்டளவில் வேறுபாடு இல்லை என்பதையும் கருத வேண்டும். கடையில் வாங்கிய மென்பொருளை வெளித் தேர்வாளரிடம் காட்டிவிடலாம். தம் கணக்கை அதில் எழுதப் போகும் ஒருவரிடம் காட்டித் தப்புவது கடினம்.

மாற்றத்திற்கான அழுத்தம் பெருமளவு வெளியிலிருந்து வந்தது. பொறியியல் பட்டங்களை நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்வதற்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2007இல் தற்காலிக உறுப்பாகவும் 2014 சூனில் முழு உறுப்பாகவும் சேர்ந்தது. அதற்கேற்ப தேசிய தரமதிப்பீட்டு வாரியம் வகுத்த பன்னிரண்டு கற்றல் விளைவுகளில் குழுப்பணி, கருத்துப் பரிமாற்றம், தொழில் அறம், செயல்திட்ட மேலாண்மை, சமூகப் பொறுப்பு ஆகியன இடம்பெற்றன. எந்தப் பாடத்தின் வழியாக எந்த விளைவு கிட்டுகிறது என்று கல்லூரிகள் அட்டவணையிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. "குழுப்பணி" என்னும் கட்டத்தை நிரப்ப நிரலாக்க ஆய்வகத்தைக் காட்டிச் சமாளிப்பது கடினமானபோது, செயல்திட்டப் பாடங்களின்மேல் கவனம் திரும்பியது.

2017இல் நடுவணரசு தொடங்கிய சுமார்ட் இந்தியா அக்கத்தானும், 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தின்கீழ் நடத்தப்படும் "நிரல் திருவிழா"வும் துறைகளிடமிருந்து உண்மையான சிக்கல்களைப் பெற்று மாணவரிடம் தருகின்றன. இவை வாடிக்கையாளர் செயல்திட்டத்தின் உறவினர் எனலாம். ஆயினும் முப்பத்தாறு மணிநேரப் போட்டியில் வாடிக்கையாளர் மனம் மாறுவதற்கு இடமில்லை. அவர் மனம் மாறும்போதே பாடம் தொடங்குகிறது.

மதுரையில்

மதுரை திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இல் கருமுத்து தியாகராசன் செட்டியாரால் நிறுவப்பட்டு, 1987 முதல் தன்னாட்சி பெற்று இயங்குகிறது. தன்னாட்சி என்பது இங்கு வெறும் பெருமைச் சொல் அன்று. பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் சுவீடனின் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கிய சி.டி.ஐ.ஓ. என்னும் சட்டகத்தைத் தழுவிய பாடத்திட்டத்தை இக்கல்லூரி 2018இல் நடைமுறைப்படுத்தியது. கருக்கொள்ளல், வடிவமைத்தல், செயற்படுத்தல், இயக்குதல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளே அப்பெயர். இறுதியாண்டில் மட்டும் செயல்திட்டத்தை வைக்காமல், பொறியியல் அறிமுகத்தில் தொடங்கி, பக்கவாட்டுச் சிந்தனை, வடிவமைப்புச் சிந்தனை, முறைமைச் சிந்தனை எனப் பருவந்தோறும் சிறு பாடங்களாகப் படியேற்றி, நிறைவுச் செயல்திட்டத்தில் கொண்டு சேர்ப்பது இதன் அமைப்பு. இவற்றுள் வடிவமைப்புச் சிந்தனை, பயனரை அவருடைய இடத்தில் சென்று பார்ப்பதை அடிப்படையாகக் கொண்டது. நான்காவது சொல்லான "இயக்குதல்" கவனிக்கத்தக்கது. இந்தியக் கல்லூரிச் செயல்திட்டங்கள் பொதுவாக மூன்றாவது சொல்லோடு நின்றுவிடுகின்றன.

கலை அறிவியல் கல்லூரிகள் வேறொரு வழியில் இதே இடத்திற்கு வந்தன. 1948இல் கேட்டி வில்காக்சு நிறுவிய இலேடி டோக் கல்லூரி, சேவைவழிக் கற்றலைப் பாடங்களோடு இணைத்து நடத்துவதில் அறியப்பட்டது. சேவைவழிக் கற்றலில் மாணவர் செய்யும் பணி ஊருக்குப் பயன்பட வேண்டும். அதே நேரத்தில் பாடத்திற்கும் பொருந்த வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கண்மாய்க் கரையைச் சீரமைப்பது சேவை. அந்தக் கண்மாயின் மடை, ஆயக்கட்டு, நீர் திறந்த நாள்கள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கத் தரவுத்தளம் ஆக்குவது கணினி மாணவருக்குச் சேவைவழிக் கற்றல்.

நகரைச் சுற்றிப் பொட்டப்பாளையம், விரகனூர், காரியாபட்டி எனச் சமவெளியெங்கும் பொறியியல் கல்லூரிகள் பரவியுள்ளன. இவற்றில் பயின்றவர்களுள் பெரும்பாலோர் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்கின்றனர். இலந்தைக்குளம், வடபழஞ்சி ஆகிய இடங்களிலுள்ள எல்காட் வளாகங்களில் வேலை பெறுவோரும் உளர். வாடிக்கையாளருக்கோ பஞ்சமில்லை. 1976இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற பெரிய அமைப்புகள் தமக்கென மென்பொருள் பிரிவு வைத்துள்ளன. மாணவருக்குப் பொருத்தமானவர் அதனினும் சிறியவர்: சுங்குடிச் சேலை விற்கும் கூட்டுறவுச் சங்கம், கிளை நூலகம், ஊராட்சி அலுவலகம், சந்தைக் கடை ஆகியோர்.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை கற்பிப்பது என்ன என்பதைக் காட்டப் பின்வரும் கற்பனைச் சூழல் உதவும். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அதிகாலையில் இங்கு வருகிறது. கடைக்காரர் நான்கு மாணவர் கொண்ட குழுவிடம், "பில் போடுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்" என்கிறார்.

மாணவர்கள் தாம் அறிந்த பல்பொருள் அங்காடியை மனத்தில் வைத்துக்கொண்டு திரையை வரைகின்றனர்: விவசாயி பெயர், எடை, கிலோ விலை, மொத்தம். நான்கும் கட்டாயப் புலங்கள். ஒன்று விடுபட்டாலும் பதிவு ஏறாது. தரவுத்தளப் பாடத்தில் கற்றதும் அதுவே. கல்லூரியில் காட்டியபோது அனைவரும் பாராட்டுகின்றனர். கடையில் முதல் நாளே மென்பொருள் நின்றுவிடுகிறது. பூவை எடைபோட்டுச் சிட்டை எழுதும் நேரத்தில் விலை இன்னும் முடிவாகவில்லை. மல்லிகையின் விலை ஒரே காலையில் பலமுறை ஏறி இறங்கும். முகூர்த்த நாளின் முந்தைய நாள் என்றால் சொல்ல வேண்டியதில்லை. விற்ற பிறகே விலை தெரியும். கணக்குப்பிள்ளை வேறு வழியின்றி விலைப் புலத்தில் சுழியம் இட்டு வேலையை நகர்த்துகிறார். மாலையில் சராசரி விலை தவறாக வருகிறது, கமிஷன் தவறாகிறது, எல்லாரும் பழைய பேரேட்டுக்கே திரும்புகின்றனர்.

மாணவர்கள் அடுத்த முறை சந்தைக்கே சென்று நின்று பார்க்கும்போது வேறு சிலவும் தெரிகின்றன. எடைபோடுபவரின் கை ஈரமாக இருக்கிறது. விசைப்பலகை அங்கு உதவாது. ஒரே பெயரில் ஒரே ஊரில் மூவர் இருக்கின்றனர். கணக்குப்பிள்ளை அவர்களைத் தகப்பனார் பெயராலும் தோட்டத்தாலும் பிரித்தறிகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, விவசாயிக்கு முன்னரே தரப்பட்ட முன்பணம் வாராவாரம் கழிக்கப்படுகிறது. அந்தக் கணக்கைக் கடைக்காரர் முதல் சந்திப்பில் குறிப்பிடவே இல்லை. முன்பின் அறியாத நால்வரிடம் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எவரும் சொல்ல மாட்டார். மூன்றாம் சந்திப்பில்தான், பில் போடுவது பெரிய வேலையே இல்லை என்பதும், வெள்ளிக்கிழமை தோறும் விவசாயியிடம் அவருடைய வரவு, கழிவு, பாக்கி மூன்றையும் சண்டையின்றிச் சொல்ல முடிய வேண்டும் என்பதே தேவை என்பதும் வெளிப்படுகின்றன.

விலைப் புலத்தைக் கட்டாயமற்றதாக மாற்றுவது காகிதத்தில் ஒரு நிமிட வேலை. நிரல் எழுதிய பின் அது கமிஷன் கணக்கீடு, அச்சுப் படிவம், நாள் அறிக்கை என எல்லாவற்றையும் தொடுகிறது. பிழை பிந்திக் கண்டறியப்பட்டால் திருத்தும் செலவு பன்மடங்காகும் என்று பேரி போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொருளியல் நூல் கூறுகிறது. இக்கருத்து தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக அடிக்கடி வரும். அதன் பொருள் விளங்குவதற்கு ஒரு கணக்குப்பிள்ளையின் சுழியம் தேவைப்படுகிறது.

குழுவும் காலமும்

ஒரு குழுவில் உள்ளோர் எண்ணிக்கை கூடும்போது அவர்களுக்கிடையேயான தொடர்பு வழிகள் அதைவிட விரைவாகக் கூடுகின்றன. நால்வர் எனில் ஆறு வழிகள்; ஐவர் எனில் பத்து; எண்மர் எனில் இருபத்தெட்டு. புரூக்சு விதியின் அடிப்படை இதுவே. ஆகவே செயல்திட்டக் குழுக்கள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பேர் கொண்டவையாக அமைக்கப்படுகின்றன.

குழுவை மாணவர் தாமே அமைப்பதா, ஆசிரியர் அமைப்பதா என்பது நெடுங்கால விவாதம். தாமே அமைத்தால் நண்பர்கள் ஒன்றுசேர்வர். விடுதி மாணவர் ஒருபுறமும் ஊரிலிருந்து வந்துபோவோர் ஒருபுறமும் பிரிவர். நன்கு நிரலெழுதுவோர் ஒரே குழுவில் குவிவர். பணியிடத்தில் உடன் பணிபுரிவோரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் ஆசிரியர் அமைப்பதே இம்முறையின் நோக்கத்திற்குப் பொருந்தும். ஆனால் அப்போது நேரச் சிக்கல் எழுகிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் மாணவர் மாலைக் கல்லூரிப் பேருந்தை விட்டால் வீடு சேர இரவாகும். பல பெண்கள் விடுதிகளில் மாலைக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் வெளியே செல்ல இசைவு இல்லை. பூச்சந்தை போன்ற வாடிக்கையாளரை ஏற்றுக்கொண்ட குழுவில் மாணவியர் சந்தைக்கே செல்லாமல், பார்த்து வந்த மாணவர் சொல்வதைக் கேட்டுத் திரை வரைபவராக மட்டும் ஒதுங்கிவிடக்கூடும். வாடிக்கையாளரோடு பேசும் திறனை வளர்ப்பதற்கென்றே வைத்த பாடத்தில் வகுப்பின் ஒரு பகுதிக்கு அந்த வாய்ப்பே கிட்டாமற்போவது சிறிய குறையன்று. வாடிக்கையாளரைத் தேர்வு செய்யும்போதே சந்திப்பு நேரத்தையும் கல்லூரி உறுதிசெய்ய வேண்டியுள்ளது.

குழுக்கள் உருவாதல், மோதல், ஒழுங்குபடல், செயற்படல் என்னும் நிலைகளைக் கடக்கின்றன என்று புரூசு டக்மன் 1965இல் கூறினார். பதினைந்து வாரப் பருவத்தில் மோதல் நிலை பெரும்பாலும் பாதியில் வருகிறது. ஒருவர் வேலை செய்யவில்லை என்ற புகார் எழும்போது, கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பதிவுகள் யார் எப்போது எதை மாற்றினர் என்று காட்டும். இருப்பினும் நிரல் வரிகளை எண்ணிப் பங்களிப்பை அளப்பது தவறாகும். மூன்று முறை சந்தைக்குச் சென்றவர் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கலாம்.

மதிப்பிடும் முறை

குழுவிற்கு ஒரே மதிப்பெண் தந்தால் உழைத்தவர் மனம் நோவார். தனித்தனியே தந்தால் ஒருவருக்கொருவர் உதவ மாட்டார். இரண்டிற்கும் இடையே, உறுப்பினர் ஒருவரையொருவர் மறைவாக மதிப்பிட்டு, அதனைக் குழு மதிப்பெண்ணோடு பெருக்கும் முறை பல பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. எடுத்துக்காட்டாக, குழுவின் மதிப்பெண் 80 எனவும், ஐந்துக்கு மதிப்பிட்டதில் குழுவின் சராசரி 4.0 எனவும், ஒருவர் பெற்ற சராசரி 3.6 எனவும் கொள்க. அவருடைய காரணி 3.6ஐ 4.0ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.9, அவர் பெறும் மதிப்பெண் 72. எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து போட்டுக்கொள்வது நம் வகுப்பறைகளில் எதிர்பார்க்கத்தக்கதே. அதனால் எண்ணோடு, ஒவ்வொருவரும் செய்த ஒரு குறிப்பிட்ட செயலை எழுதுமாறு கேட்பது நல்லது.

வாடிக்கையாளரின் கருத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பது இன்னொரு வினா. அவர் மகிழ்ந்தார் என்பதாலேயே மென்பொருள் நன்று எனக் கொள்ள இயலாது. உட்கட்டமைப்பை அவர் காண்பதில்லை. வாடிக்கையாளர் பாதியில் ஆர்வம் இழந்துவிட்டால் மாணவரைத் தண்டிக்கவும் கூடாது. ஆகையால் முடிவுப் பொருளை மட்டும் பாராமல், சந்திப்புக் குறிப்புகள், தேவை ஆவணத்தின் அடுத்தடுத்த பதிப்புகள், கைவிடப்பட்ட எண்ணங்களுக்கான காரணங்கள் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடுகின்றனர். 2022இன் இறுதியிலிருந்து நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவரிடையே பரவியபின் இவ்வாவணங்களின் முதன்மை மேலும் கூடியுள்ளது. முன்பு புராஜெக்ட் சென்டர் தந்ததை இப்போது அக்கருவிகள் நொடியில் தருகின்றன. முன்பணக் கணக்கைக் கடைக்காரர் எதற்காக மறைத்தார் என்பதை அவை அறியா.

மொழி

மதுரை போன்ற இடங்களில் இம்முறைக்கு உரிய தனிச்சிக்கல் மொழியாகும். மாணவர் கணினியியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். வாடிக்கையாளர் தமிழில் பேசுகிறார். தேவை ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அதனைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டியவர் மீண்டும் தமிழ் மட்டுமே அறிந்தவர். இந்த இரட்டை மொழிபெயர்ப்பில் பொருள் நழுவுகிறது. சந்தையில் "கழிவு" என்பது விலையிலிருந்து பிடிக்கப்படும் தொகையையும் குறிக்கலாம், வாடிய பூவுக்காக எடையில் தள்ளுவதையும் குறிக்கலாம். இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக எழுதிவிட்டால் கணக்கு தவறும். "சிட்டை", "பேரேடு", "பற்று", "பாக்கி" போன்ற வணிகச் சொற்கள் தலைமுறைகளாகத் துல்லியம் பெற்றவை. அவற்றைத் திரையில் அப்படியே பயன்படுத்துவதே முறை. ஒருங்குறி பரவலானபின் தமிழில் இடைமுகம் அமைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. தேவை ஆவணத்தை இருபக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு எழுதி, அதனை வாடிக்கையாளர் முன் வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம் பெறுவது எளிய தீர்வு. தாய்மொழியில் தொழில்நுட்பத்தை விளக்குவது மாணவருக்கும் எளிதன்று. அதுவும் பயில வேண்டிய திறனே.

தரவும் பொறுப்பும்

நோயாளிகளின் பெயர், கடன் கணக்கு, குழந்தைகளின் விவரம் ஆகியவற்றை மாணவர் தம் மடிக்கணினியில் வைத்துக்கொண்டு விடுதியில் உலவுவது ஆபத்தானது. 2023இல் இந்தியா இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவைக் கையாள்வோருக்குக் கடமைகளை வகுக்கிறது. ஆக்கப் பணி முழுவதையும் புனைந்த தரவைக் கொண்டே செய்து, உண்மைத் தரவை வாடிக்கையாளரின் கணினியில் அவரே ஏற்றும்படி விடுவது பாதுகாப்பான நடைமுறை. மூலநிரலின் உரிமை மாணவருக்கா, கல்லூரிக்கா, வாடிக்கையாளருக்கா என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது மூவருக்கும் இசைவானதாக அமைவதுண்டு.

ஒப்படைப்பும் அதன் பின்னும்

வாடிக்கையாளர் செயல்திட்டங்களின் பெருங்குறை, பருவம் முடிந்ததும் அவை அநாதையாவது. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு முடிந்து மாணவர் ஊர் திரும்பிய பின் ஒரு வழு தோன்றினால் கடைக்காரர் யாரிடம் செல்வார்? கைப்பேட்டை விட்டுவிட்டு மென்பொருளை நம்பியவர் அதற்குப் பின் நட்டப்படுவது உறுதி. அவர் அடுத்த ஆண்டு வரும் மாணவருக்குக் கதவு திறக்க மாட்டார். மாணவர் கற்றுக்கொள்வதற்காக வாடிக்கையாளர் விலை கொடுப்பது நேர்மையாகாது.

எபிக்சு திட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. குழு ஒரு பருவத்தோடு கலைவதில்லை. முதலாண்டு முதல் இறுதியாண்டு வரையுள்ள மாணவர் ஒரே குழுவில் இருப்பர்; மூத்தோர் விடைபெற இளையோர் தொடர்வர்; ஒரே வாடிக்கையாளரோடு உறவு பல ஆண்டுகள் நீளும். இறுதிப் பருவத்தில் மட்டும் செயல்திட்டத்தை வைக்கும் பாடத்திட்டத்தில் இது இயலாது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில், மூன்றாமாண்டு மென்பொருள் பொறியியல் பாடத்தின் மாணவருக்கு மூத்தோரின் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையைத் தருவதன் மூலம் ஓரளவு ஈடுகட்டலாம். பிறர் எழுதிய நிரலை வாசித்துத் திருத்துவதே பணியிடத்தில் புதியவருக்குத் தரப்படும் முதல் வேலை என்பதால் இது மாணவருக்கும் ஆதாயமே.

ஒப்படைக்கும் நாளில் கையளிக்க வேண்டியவை மூலநிரலும் பயனர் கையேடும் மட்டுமல்ல. தரவை நாள்தோறும் படியெடுத்து வைப்பது எப்படி என்பதைக் கணக்குப்பிள்ளை மாணவர் முன்னிலையில் ஒருமுறை தாமே செய்து பார்க்க வேண்டும். கடவுச்சொற்கள் வாடிக்கையாளரின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். வலைத்தளம் இருப்பின் அதன் பெயரும் வழங்கிக் கணக்கும் எவர் பெயரில் பதியப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் அவற்றை மாணவர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிடுவது வழக்கம். ஓராண்டு கழித்துப் புதுப்பிக்கக் கோரும் மடல் அவருக்கு வரும்போது, அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.